நீலத் துணி கட்டிய பாதை

“கண்ணை மூடிக்கிட்டு இங்கேருந்து வாசல் வரைக்கும் போவியா நீ?”

வெனேரா எஜே என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். எங்கள் மொழியில் மூத்த பெண்களை எஜே, அதாவது அக்கா என்று கூப்பிடுவோம். பெயர் என்ன, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று மற்றவர்கள் கேட்பதை அவர் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தியபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா அக்தால் ஊர்த் தாவரத் தோட்டத்தில் பெருக்கும் வேலை பார்த்தாள். வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று என்னையும் கூட்டி வந்திருந்தாள். நான் தோட்டத்தின் கடைக்கோடியில், உடைந்த கண்ணாடிக் கூடத்துக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் எஜே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் சொல்வதைவிடக் கண்ணை மூடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. எழுந்து நடந்தேன். ஆப்பிள் வரிசையில் ஒரு கிளை நெற்றியில் இடித்தது. புதினாவை மிதித்தேன், வாசனை எழுந்தது. வாய்க்கால் பலகை காலடியில் ஆடியது. அதற்கப்புறம் தண்ணீர்ச் சத்தம் இடது காதோடு கூடவே வந்தது. அக்ரூட் மரங்களுக்கு அடியில் கழுத்து சில்லிட்டது. வாசலில் சம்சா விற்பவரின் அடுப்பு மூக்குக்கு எட்டியதும் கண்ணைத் திறந்தேன். எஜே பின்னாலேயே வந்திருந்தார்.

“எதை வச்சு வந்தே?”

“தண்ணி” என்றேன். “அப்புறம் நிழல்.”

“நாளைக் காலையில வந்துடு” என்றார். “உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

வழி மறந்தவர்களை எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு அது அப்போது தெரியாது.

இன்றைக்கு அந்தப் பாதையில் செங்கல் பதித்திருக்கிறார்கள். இரும்புக் கைப்பிடி வந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று மொழியில் பலகை நிற்கிறது. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன், அந்தக் கைப்பிடியை நாள்தோறும் துடைக்கிறேன். துடைக்கும்போதெல்லாம் அந்த முதல் வருஷம் ஞாபகத்துக்கு வருகிறது. பலகையும் இல்லை, கைப்பிடியும் இல்லை. எங்களிடம் இருந்தது கந்தல் துணிதான்.

வெனேரா எஜே பல வருஷம் குளியல் வைத்தியம் செய்யும் சானடோரியத்தில் நர்ஸாக இருந்தவர். பக்கவாதம் வந்தவர்களின் கையைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணி மடக்கி நீட்டி அலுத்துப் போனாராம். “எண்ணச் சொன்னா தூங்கிடுறாங்க. வெங்காயம் நடச் சொன்னா முழிச்சிக்கிறாங்க” என்பார். தோட்டத்தின் டைரக்டரை எல்லோரும் மெலிஸ் பைகே, அதாவது மெலிஸ் அண்ணன் என்போம்; அவருடைய அறை வாசலில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்று அந்தக் கடைக்கோடியை வாங்கினார். சானடோரியத்தில் கழித்துப் போட்ட குளியல் தொட்டிகளை லாரியில் ஏற்றி வந்து, செங்கல் அடுக்கி, அதன்மேல் உட்கார்த்தி மண் நிரப்பினார். நாற்காலியில் இருப்பவருக்கும் கை எட்டும். களைக்கொத்தியின் பிடியில் கம்பளி சுற்றித் தடிமனாக்கினார். கை நடுங்குபவர்களுக்குப் பெரிய அவரை விதை, கொஞ்சம் தேறியவர்களுக்கு முள்ளங்கி விதை, நன்றாகத் தேறியவர்களுக்குக் கண்ணுக்கே தெரியாத கேரட் விதை. யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதற்கு மட்டும் அரைநாள் யோசிப்பார். ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் மண்ணாஸ்பத்திரி.

உல்கான் எஜே முதல் நாள் வந்தபோது அவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. வாய் மட்டும் விழவில்லை. தொட்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

“இதே தொட்டியில போன வருஷம் என்னைப் போட்டு ஊற வச்சாங்கடி. அப்ப எனக்கு ஒண்ணும் முளைக்கல. இப்ப முள்ளங்கிய ஊற வக்கிறாளாம் இவ.”

“நீங்க முள்ளங்கி மாதிரி சும்மா இருந்திருந்தா முளைச்சிருக்கும் எஜே” என்றார் வெனேரா எஜே.

ஜூமார்த் அதா மே மாதத்தில் வந்தார். அதா என்றால் தாத்தா. முப்பது வருஷம் அக்தாலுக்கும் ஓஷுக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். அந்தச் சாலையில் எந்தப் பள்ளம் எந்த மழைக்கு விழுந்தது என்றுகூடச் சொல்வார். ஆனால் காலையில் ரொட்டி தின்றாரா இல்லையா என்பது தெரியாது. அவருடைய மகள் நுர்ஸாத் மாஸ்கோவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். லீவு போட்டு வந்து அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். வாசலிலேயே நின்று பேசினாள்.

“எஜே, கொல்லைப்பக்கம் போனவரு திரும்பி வர வழி தெரியாம பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டாயில நின்னாரு. சித்தப்பா வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. காலையில இங்க கொண்டாந்து விடுவாங்க, சாயங்காலம் கூட்டிப்போவாங்க. நடுவுல யாரு பாத்துப்பா? நான் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறேன்.”

“மாஸ்கோவுல யாரு பாத்துப்பா?”

“கதவப் பூட்டிட்டு வேலைக்குப் போவேன். ஒன்பதாவது மாடி.” சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எனக்கு மட்டும் ஆசையா எஜே?”

ஜூமார்த் அதா எங்களைப் பார்த்து ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார். “மாஸ்கோ நம்ம ரூட்டுல இல்லம்மா. வேற டெப்போ.”

வெனேரா எஜே அவரைப் பார்த்தார், பிறகு நுர்ஸாத்தைப் பார்த்தார். “இலையுதிர்காலம் வரைக்கும் டைம் கொடு” என்றார்.

“சரி. செப்டம்பர்ல வரேன். இந்த வாசல்லேருந்து அவரோட தொட்டி வரைக்கும் யாரும் துணைக்கு வராம ஒரு தடவை போய்க் காட்டட்டும். போயிட்டாருன்னா விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அன்று சாயங்காலமே எஜே என் அம்மாவிடம் அவளுடைய பழைய நீல மேலங்கியைக் கேட்டு வாங்கினார். பெருக்குபவர்களுக்குக் கொடுக்கும் முரட்டு நீலம். வெளுத்தாலும் தூரத்திலிருந்து தெரியும். அதைப் பட்டை பட்டையாகக் கிழித்தோம். மறுநாள் அதை வழி அடையாளமாக மரங்களில் கட்டும் வேலையையும் நோயாளிகளுக்கே கொடுத்தார். விரலுக்கு அது நல்ல பயிற்சி. மற்றவர்கள் ஒரு துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது ஜூமார்த் அதா ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மரத்தைப் பிடித்து மடமடவென்று கட்டிக்கொண்டே போனார். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, அடியில் செருகி ஒரு இழுப்பு.

“இது என்ன முடிச்சு அதா?” என்று எஜே கேட்டார்.

“பஸ் மேல சாமான் கட்டுறது. ஓஷ் போற வரைக்கும் மூட்டை அசையக் கூடாது. அசைஞ்சா தர்பூசணி உருளும், பின்னால வர்றவன் திட்டுவான்.”

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் ஆப்ரிகாட் இனிக்கிறது. காலையில் அவருடைய தம்பி வீட்டார் வாசலில் விட்டுப் போவார்கள். ஜூமார்த் அதா கால்சட்டையை உயர்த்திக்கொண்டு நிற்பார், நகர மாட்டார்.

“கண்டக்டர் எங்க? கண்டக்டர் சொல்லாம வண்டிய எடுக்கக் கூடாது.”

கண்டக்டர் நான்தான். முதல் நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்ன கண்டக்டர், காத்து போன டயர் மாதிரி பேசறே? பின்சீட்டுக்குக் கேக்குமா?”

“போகலாம்” என்றேன் இன்னொரு தடவை.

“பின்சீட்டு!”

“போகலாம்!”

கத்திவிட்டு நானே பயந்து போனேன். சம்சாக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜூமார்த் அதா காற்றில் கியர் போட்டார். நாங்கள் கிளம்பினோம். முதலில் நான் முன்னால் நடந்தேன், பிறகு பக்கத்தில், ஜூலை வந்தபோது பத்தடி பின்னால். ஒவ்வொரு நீலத் துணியும் அவருக்கு ஒரு நிறுத்தம். அக்ரூட் மரம் பருத்தி ஆலை. வாய்க்கால் பலகை பெரிய பாலம். அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்து, எதிரே லாரி வருகிறதா என்று பார்ப்பார். அர்சா என்ற வயதான ஊசியிலை மரம் சந்தை நிறுத்தம். “கிழவிங்க ஏறுவாங்க, கோழி வச்சிருப்பாங்க, நிதானம்.” கடைசியில் அவருடைய தொட்டி, அதுதான் ஓஷ். அதில் வெள்ளரியும் சோயிக்கீரையும் மண்டிக் கிடந்தன. வெள்ளரியைக் கடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்து, “பத்திரமா இறங்குங்க” என்பார்.

வேலை முடிந்ததும் கண்ணாடிக் கூடத்து நிழலில் தேநீர். வெனேரா எஜே கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார், அடிக்கடி நீட்டி வாங்க வேண்டும். அதுவும் கைக்குப் பயிற்சியாம். உல்கான் எஜேக்கு அது பிடிக்காது.

“நிறைய ஊத்து. நான் என்ன விருந்தாளியா, நோயாளி.”

“நோயாளிக்குத்தான் பாதி எஜே.”

“அப்போ எனக்குக் குணமாயிடுச்சு. ஊத்து.”

அவருக்கு உண்மையாகவே குணமாகிக்கொண்டிருந்தது. ஜூலை கடைசியில் நாற்காலியை விட்டுவிட்டுக் கோலூன்றி, நீலத் துணிகளுக்கு அடியில் வாசலிலிருந்து நடந்தே வந்தார். வழியெல்லாம் கோலைத் திட்டிக்கொண்டே வந்தார். தோட்டத்துக்குக் காற்று வாங்க வந்தவர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். சானடோரியத்தில் கைவிட்ட பொம்பிளை துணி கட்டிய மரத்துக்கு அடியில் நடக்கிறாள் என்று அவர்கள் பார்த்தார்கள். தொட்டியையும் முள்ளங்கியையும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் மரத்தில் துணி கட்டியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்களில் ஒருவருக்குக்கூட அது முன்பே தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அர்சா மரத்தில் எங்கள் துணிக்குப் பக்கத்தில் ஒரு பளபளப்பான நீல நாடா ஆடியது. புதுமணப்பெண் யாரோ கட்டியது. அதற்கு அடுத்த வாரம் ஒரு கைக்குட்டை, ஒரு குழந்தைச் சட்டையின் கை, ஒரு தலைத்துணி ஓரம். எல்லாம் நீலம். இந்த இடத்துக்கு நீலம்தான் ஆகுமென்று ஊரே முடிவு செய்திருந்தது. ஆகஸ்டு நடுவில் பாதையில் இருந்த மரங்கள், பாதையில் இல்லாத மரங்கள், கீழ்வேலிப் பக்கத்துப் பாப்ளர்கள் எல்லாமே நீலமாகிவிட்டன. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள்.

மெலிஸ் பைகே தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். “வெனேரா, இது தாவரத் தோட்டமா, தர்காவா? அந்த அர்சாவுக்கு லத்தீன்ல பேரு இருக்கு. பேர்ப் பலகை மேலயே கட்டியிருக்காங்க!”

“அவிழ்க்கச் சொல்லுங்க பைகே.”

“நானா? நீ ஆரம்பிச்சது. நீ அவிழ்.”

சொல்லிவிட்டு மரத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த வாரத்தில்தான் ஜூமார்த் அதா தொலைந்தார். நான் அன்று வாசலிலிருந்து சத்தம் கொடுத்துவிட்டு, அவர் போகட்டும் என்று நின்றுவிட்டேன். தொட்டிக்கு வந்து பார்த்தால் அவர் இல்லை. எல்லோரும் ஓடினோம். கீழ்வேலி ஓரத்தில், பெரிய வாய்க்காலில் முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நீலத்தைப் பார்த்துப் பார்த்து அங்கே வரைக்கும் போயிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

“ரோட்ட மாத்திட்டாங்க கண்டக்டர்” என்றார். “யாருகிட்டயும் சொல்லாம மாத்திட்டாங்க. நான் ஆளுங்கள எங்க இறக்குவேன்?”

அவர் கை என் கையைப் பிடித்த பிடி வலித்தது. அன்று முழுக்க வெள்ளரிக்காயைக்கூட அவர் தொடவில்லை.

துணிகள் போக வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்தது. வெனேரா எஜே கத்தரியோடு அர்சா மரத்தடியில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். கத்தரியைத் தோட்ட வேலையாட்களிடம் நீட்டினார். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“அடுத்தவங்க வேண்டுதல அவிழ்த்தா அவங்க நோவு நம்ம மேல ஏறும் எஜே. சம்பளம் பிடிச்சாலும் சரி, மாட்டோம்.”

என் அம்மா இரண்டு கையாலும் முகத்தைத் தடவி வேண்டிக்கொண்டு விலகிப் போனாள். நானும் கிட்டப் போகவில்லை. உல்கான் எஜே மட்டும் கோலால் தரையைத் தட்டினார்.

“நீ படிச்சவதானே வெனேரா? நீயே வெட்டேன்.”

வெனேரா எஜே கத்தரியை மூடினார். உல்கான் எஜே அவரை உற்றுப் பார்த்தார்.

“அடிப்பாவி. நீயும் கட்டியிருக்கியா?”

“நீங்க கட்டலையா?”

“நான் நோயாளி. எனக்கு உரிமை இருக்கு.”

வெனேரா எஜேயின் மகன் கசானில் கட்டட வேலைக்குப் போனவன். வசந்தத்திலிருந்து போன் எடுக்கவில்லை. கத்தரி அன்றோடு அலமாரிக்குள் போயிற்று.

எங்கள் துணிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிப் பார்த்தோம். இரண்டே நாளில் தோட்டமெங்கும் சிவப்பும் சேர்ந்துகொண்டது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். வாய்க்காலைத் திறந்துவிட்ட அன்றே கரைந்து போனது. வாசனை பிடித்து வரட்டும் என்று பானையில் துளசி வைத்தோம், பானையின் கழுத்திலும் கட்டிவிட்டுப் போனார்கள். நான் மறுபடியும் ஜூமார்த் அதாவுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். அவர் என் முதுகையே பார்த்து நடந்தார். நிறுத்தங்களின் பெயர் சொல்வதை விட்டுவிட்டார்.

செப்டம்பர் பிறந்தது. நுர்ஸாத் வந்தாள். வெள்ளிக்கிழமை என்று பார்த்து வரவில்லை, அவளுக்குக் கிடைத்த நாள் அது. வாசலில் பெண்கள் கூட்டம். அவள் கையில் ஒரு பெரிய பை இருந்தது. அப்பாவின் குளிர்காலக் கோட்டு, மருந்து, கம்பளிக் காலுறை எல்லாம் அதற்குள் அடைத்திருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டாள் என்று பையைப் பார்த்ததும் தெரிந்தது.

மரங்களைப் பார்த்து நின்றுவிட்டாள். “என்ன எஜே இது?”

“ஒரு மாசம் முன்னால வந்திருந்தா பறந்து போயிருப்பாரு” என்றார் வெனேரா எஜே. குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி இருந்தது. “இன்னும் கொஞ்ச நாள்...”

“எனக்கு லீவு இல்ல எஜே. நாளைக்கு விமானம். ஒரு தடவை நடக்கட்டும். யாரும் கூடப் போகாதீங்க.”

ஜூமார்த் அதா சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். நான் சொன்னால் அவர் போவார். போய்த் தண்ணீரில் நிற்பார். சொல்லாவிட்டால் நகரவே மாட்டார்.

“என்னடி முழிக்கிறே” என்று உல்கான் எஜே கோலால் என் காலைத் தட்டினார். “வண்டி லேட்டாகுது.”

“போகலாம்!” என்றேன், பின்சீட்டுக்கும் கேட்கும்படி.

அவர் கியர் போட்டார், நடந்தார். முதல் அக்ரூட் மரத்தடிக்குப் போனதும் நின்றார். கிளையெல்லாம் துணி. அண்ணாந்து பார்த்தார். ஒன்றைத் தொட்டார். பிறகு நிதானமாக அதை அவிழ்த்தார்.

வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது கேட்டது.

அவர் அந்தத் துணியை உதறி, நான்காக மடித்து, இடது கையில் போட்டுக்கொண்டார். அடுத்ததை அவிழ்த்தார். தனக்குத்தானே அலுத்துக்கொண்டார்.

“இறங்குற அவசரத்துல எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடறாங்க. தலைத்துணி, கைக்குட்டை... குழந்த சட்டையக் கூடவா மறப்பாங்க?”

ஒரு பருமனான பெண் “ஐயோ, அது என்னோடது” என்று ஓடினாள். உல்கான் எஜே கோலைக் குறுக்கே நீட்டினார்.

“கிட்டப் போகாதே. அவரு டூட்டியில இருக்காரு.”

“பாவம் சேருமே எஜே!”

“யாருக்கு? என்ன அவிழ்க்கறோம்னே தெரியாதவருக்கா? அது குழந்த கை மாதிரி. ஒட்டாது.”

கூட்டத்திலிருந்த வயதான ஒருத்தி தலையை ஆட்டினாள். அது சரிதான் என்று சொல்லியிருக்க வேண்டும், மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் தூரத்தில், சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போனோம். நுர்ஸாத் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனாள்.

அவர் அவிழ்த்துக்கொண்டே போனார். சில இடத்தில் கை நிற்கும். முடிச்சைத் தடவுவார். விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார். அவர் கடந்துபோன மரங்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துணிதான் மிச்சம் இருந்தது. வெளுத்த முரட்டு நீலம். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, அடியில் செருகிய இழுப்பு. வெனேரா எஜேயும் அதைப் பார்த்தார். என் தோளை இறுகப் பிடித்தார்.

வாய்க்கால் பலகைக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கீழ்வேலி. போன தடவை அவர் அங்கேதான் தவறிப் போனார். இரண்டு பக்கமும் நீலம். அவர் இடது பக்க மரத்தின் துணி ஒன்றைப் பிடித்து முடிச்சைத் தேய்த்துப் பார்த்தார். அதை அவிழ்த்தார். அதற்கு அடியில் இருந்ததையும் அவிழ்த்தார். அந்த மரத்தில் ஒன்றுமே மிச்சமில்லாமல் ஆனது. வலது பக்க மரத்துக்குப் போனார். இரண்டை அவிழ்த்தார். மூன்றாவதில் கை நின்றது.

“இது நான் கட்டினது” என்றார். “சந்தை நிறுத்தம் இந்தப் பக்கம்தான்.”

வலது பக்கம் திரும்பினார். பல நாள் கழித்து ஒரு நிறுத்தத்தின் பெயர் அவர் வாயில் வந்தது. என் அம்மா தலைத்துணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தொட்டிக்குப் போனதும் கையிலிருந்த துணிகளை அதன் விளிம்பில் அடுக்கி வைத்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“ஓஷ் வந்தாச்சு. வண்டியில விட்டுட்டுப் போனதெல்லாம் இங்க இருக்கு. அவங்கவங்களுது பாத்து எடுத்துக்குங்க. டெப்போவுல கொடுத்தா திரும்ப வராது, சொல்லிட்டேன்.”

முதலில் ஒரு புதுமணப்பெண் முன்னால் போனாள். அவள் காட்டிய பளபளப்பான நாடாவை அவர் எடுத்து நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “இனிமே பத்திரமா வச்சுக்கம்மா” என்றார். அவள் “சரி அதா” என்று சொல்லும்போது முகம் சிவந்து சிரித்துவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பருமனான பெண் குழந்தைச் சட்டைக் கையை வாங்கி மார்புக்குள் வைத்துக்கொண்டாள். உல்கான் எஜே தன்னுடையதைப் பிடுங்கினார்.

“டிரைவர், இது என் நல்ல தலைத்துணி. கிழிஞ்சிருந்தா காசு கேப்பேன்.”

“அம்மா, உங்களமாதிரி ஒரு பயணி இருந்தா போதும், டிரைவர் வேலையையே விட்டுடுவான்.”

வெனேரா எஜே கடைசியில் போனார். ஒரு ஆண்சட்டைக் கழுத்துப்பட்டையை எடுத்து, யாரையும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

துணி தீர்ந்தது. பெண்கள் கலைந்து போனார்கள். ஜூமார்த் அதா தொட்டியில் கைவிட்டு, முற்றி மஞ்சளான வெள்ளரி ஒன்றைப் பறித்து மண்ணைத் துடைத்தார். நுர்ஸாத் பையோடு கிட்டப் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுது எதும் விட்டுப்போச்சாம்மா?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“எங்க இறங்கணும்? இது கடைசி நிறுத்தம்.” வெள்ளரியை இரண்டாக உடைத்துப் பாதியை அவளிடம் நீட்டினார். “எடுத்துக்கங்க. தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உங்க ஜாடைதான். வெளியூர்ல இருக்கா. என்னைப் பாக்கணும்னா நேரா இங்கதான் வருவா. எங்க இருப்பேன்னு அவளுக்குத் தெரியும்.”

வெனேரா எஜே ஒரு அடி எடுத்து வைத்தார். “ஜூமார்த் அதா, இவங்க...”

நுர்ஸாத் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். வெள்ளரித் துண்டை வாங்கினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு கடி கடித்து மென்றாள். அது கசந்திருக்க வேண்டும், முற்றின காய். அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுக் கொடியைப் பிரிக்கத் தொடங்கினார். பின்னல் விழுந்த தண்டுகளை ஒன்றொன்றாக எடுத்து விளிம்பின்மேல் தொங்கவிட்டார்.

அவள் கொஞ்சநேரம் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குளிர்காலக் கோட்டு வைத்த பையைத் தொட்டியின் நிழலில், மண் படாத செங்கல்மேல் வைத்தாள். மருந்து இருக்கும் பக்கத்தை வெனேரா எஜேக்குத் தொட்டுக் காட்டினாள். என்னைப் பார்த்தாள். அவள் திரும்பி, மீதி வெள்ளரி மட்டும் கையில் இருக்க, மரங்களுக்கு நடுவே போய்விட்டாள்.